கூட்டக் குறிப்பேடு

மாதத்தின் இரண்டாம் செவ்வாய், மாலை ஆறரை.
நூலகத்தின் அடித்தளம்.
வந்திருந்தோர் ஒன்பது பேர்.
வாசல் ரப்பர் விரிப்பில்
பதினெட்டுப் பனிக்காலணிகள் ஒழுகிக்கொண்டிருந்தன.
வராதவர்: எல்மர் ஸ்ட்ரான்ட். காரணம், மரணம்.
இனி அவர் தேடிய ஆட்களிடம்
நேரிலேயே கேட்டுக்கொள்வார் என்றார் கோர்டி பெல்ட்டோ.
நாங்கள் சிரித்ததை நான் எழுதவில்லை.

பிப்ரவரிப் பேச்சு, ஆர்விட் ஹௌக்லண்ட்:
நார்வேக்காரர் பெயர்கள்.
லார்ஸுக்குப் பிறந்தவன் பேடர் லார்ஸன்.
பேடருக்குப் பிறந்தவன் பேடர்ஸன்.
தலைமுறைக்கொரு முறை பெயர் தன் வாலை உதிர்க்கும்.
கப்பலேறி மினசோட்டா வந்தபின்
அன்றைக்கிருந்த வால் அப்படியே உறைந்தது,
நவம்பர் ஏரியில் கரையேற்ற மறந்த படகாக.
துறைமுகத்து எழுத்தர் மாற்றிவிட்டார் என்று
யாரும் இனி என்னிடம் வந்து சொல்லாதீர்கள்,
மாற்றியது நாம்தான் என்று
மேசையைத் தட்டினார் ஆர்விட்.
காபிக் கோப்பைகள் ஒரு முறை குதித்தன.

காபி. அதையும் எழுதியாக வேண்டும்.
கோர்டி இரண்டு கோப்பை குடிப்பார்,
டப்பாவில் காசு போடமாட்டார்.
பொருளாளர் ஹாரியட் ரூட்
பதினோரு வருஷமாக அதைக் கணக்கறிக்கையில் வாசிக்கிறார்,
பெயர் சொல்லாமல்,
அவரையே பார்த்தபடி.

மார்ச், டெல்ஃபின் க்ராவ்ஸ் வகுப்பு:
பழைய கையெழுத்தைப் படிப்பது எப்படி.
திருச்சபைப் பதிவேட்டின் நகலில்
ஒரே வீட்டில் இரண்டு இங்கெபோர்க்.
முதலாவது பதினோரு நாள்.
அதே பெயரை எடுத்து உடுத்திக்கொண்ட இரண்டாவது
தொண்ணூறு வருஷம்.
நிரம்பியிருந்த காபிக் குடத்தை
நிரப்பிவர எழுந்துபோனார் மேவிஸ்.
டெல்ஃபின் அவர் திரும்பும்வரை காத்திருந்து சொன்னார்:
பாதிரியார்களுக்குப் பொய் எழுதவும் வராது,
முழுசாகச் சொல்லவும் மனம் வராது.
வரிசை எங்கே தப்புகிறதோ
அங்கே விரலை வையுங்கள்.

ஏப்ரலில் எச்சில்.
நகரத்திலிருந்து வந்த இளம்பெண்
ஆளுக்கொரு குழாய் கொடுத்தாள்.
அரைமணி நேரம் காபி கூடாது என்றதும்
சங்க வரலாற்றிலேயே முதல்முறையாக
ஹாரியட்டும் கோர்டியும் ஒரே பக்கம் நின்று முறைத்தார்கள்.

ஜூன். கொசுவலைக் கதவு திறந்திருந்தது.
சுவரில் விழுந்த வெளிச்சத்தில்
எங்கள் பெயர்களும் கோடுகளும்.
எல்லோரும் சம்மதித்துக் கையெழுத்திட்டவர்கள்தான்.
எதற்குச் சம்மதிக்கிறோம் என்று
கையெழுத்துக்கு எப்போது தெரிந்திருக்கிறது?
ரூட், பெல்ட்டோ:
பாதி ரத்தம். ஒரே தகப்பன்.
அந்தப் பெண் அதை
நல்ல செய்திபோல உரக்க வாசித்தாள்.

ஹாரியட்டின் அப்பா கோழித்தீவனம் விற்றவர்.
வியாழக்கிழமைகளில் வேன் வடக்கே போகும்.
வடக்கே பெல்ட்டோ வீட்டில்
கோழி வளர்த்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

ஹாரியட் கோர்டியின் காதைப் பார்த்தார்.
பதினோரு வருஷம் எதிர் நாற்காலியில் இருந்த காது,
மடல் ஒட்டி, நுனி கொஞ்சம் கூராக.
தன் காதைத் தொடப்போன கை
பாதியில் கண்ணாடியைச் சரிசெய்தது.
கோர்டி எழுந்தார்.
வெளியே போகிறார் என்று நினைத்தோம்.
பையிலிருந்த சில்லறை முழுவதையும்
டப்பாவில் கொட்டினார்.
அவ்வளவு சத்தம் அதற்குள் இருந்திருக்கிறது.
எண்ணிப் பாருங்கள், என்றார்.
அப்புறம், என்றார் ஹாரியட்.

குறிப்பில் சேர்க்கலாமா என்று தலைவர் கேட்டார்.
முன்மொழிய ஒருவரும் இல்லை.
மறைத்த ஆவணங்களைத் திட்டித் திட்டியே
இருபது வருஷம் கூடியவர்கள் நாங்கள்,
எல்லோரும் என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

எழுதினேன்:
ஏழு இருபதுக்குத் திரைக்கருவி பழுது.
காபி நிதிக்கு வரவு,
பதினான்கு டாலர் முப்பத்தைந்து சென்ட்.
நன்றி நவிலலுடன் கூட்டம் கலைந்தது.

வருகைப் பட்டியலை எப்போதும்
அகரவரிசையில்தான் எழுதுவேன்.
இந்த மாதம் மட்டும்
மேவிஸுக்குப் பிறகு, க்ராவ்ஸுக்கு முன்னால்,
ரூட், பெல்ட்டோ,
அடுத்தடுத்து.